பசுமைவெளியும் பலகைத் தமிழும்: மஹய்யாவயிலிருந்து ஒரு நோக்கு

1

திறனாய்வு என்றதும் கவிதை, நாவல், சிறுகதை, நாடகம் என்பனவே நம் நினைவுக்கு வருகின்றன. பல்கலைக்கழக வகுப்பறைகளிலும் சஞ்சிகைகளிலும் அவையே ஆராயப்படுகின்றன. அது முறையானதே. எனினும் தமிழைப் பேசும் மக்களுட் பெரும்பாலோர் நாள்தோறும் வாசிக்கும் தமிழ் இவற்றுள் அடங்குவதன்று. பஸ் வண்டியின் ஆசனத்துக்கு மேலும், ஆஸ்பத்திரியின் வாயிலிலும், அலுவலகத்தின் மதிலிலும், பூங்காவின் படலையிலும் எழுதப்பட்டிருக்கும் தமிழே அவர்கள் நாள்தோறும் வாசிப்பது. இவ்வாசகங்களுக்கு ஆசிரியர் பெயர் இல்லை, பதிப்பாண்டு இல்லை, மதிப்புரை எழுதுவோரும் இல்லை. ஆயினும் ஒரு சமூகம் தன் மக்களை எவ்வாறு விளித்துப் பேசுகின்றது என்பதை அறிவதற்கு இவற்றினும் நேரான சான்றினைக் காண்டல் அரிது.

இக்கட்டுரையில் நாம் எடுத்துக்கொள்வது, பசுமைவெளிகளில் வருவோரின் பொருட்டு நாட்டப்படும் அறிவித்தற் பலகைகளின் மொழியை ஆகும். அவற்றுள்ளும் நாய்கள் குறித்து அமையும் வாசகங்களையே சிறப்பாக நோக்குகின்றோம். பொருள் அற்பமானது என்று தோன்றலாம். ஆனால் மரமும் புல்லும் நீரும் உள்ள பொது இடத்துக்குள் யார் வரலாம், எதனோடு வரலாம், வந்தபின் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்னும் கேள்விகள் எக்காலத்திலும் அற்பமானவையாக இருந்ததில்லை என்பதை வரலாறு காட்டும். நாயோடு வருவோரையும் ஏற்றுக்கொள்ளும் பசுமைவெளிகள் இன்று பல நாடுகளிற் பெருகி வருகின்றன. நம் நகரங்களுக்கும் அவ்வழக்கம் வரக்கூடும். அவ்வேளையிற் பலகையில் எழுதுவதற்கு நம்மிடம் உள்ள தமிழ் எத்தகையது என்பதே இங்கு எழுப்பப்படும் வினா. இதனை நாம் கண்டி மஹய்யாவயில் நின்று எழுப்புகின்றோம். அவ்விடத்தைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு.

2

மஹய்யாவ கண்டி நகரின் வடபாகத்தே, கட்டுகஸ்தோட்டை செல்லும் வீதியையும் மாத்தளைப் புகையிரதப் பாதையையும் ஒட்டி அமைந்த பகுதி. கண்டி மாநகர சபை 1865-ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழித் தோன்றியது. நகரின் வீதிகளையும் வடிகால்களையும் துப்புரவு செய்வதற்கெனத் தென்னிந்தியாவிலிருந்து அழைத்துவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரின் வழித்தோன்றல்கள் பல தலைமுறைகளாக மஹய்யாவயில் வாழ்ந்து வருகின்றனர். 1948-ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கியது. 1964-ஆம் ஆண்டின் ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்குமிடையே பங்கிட்டது. எஞ்சியிருந்தோரின் பிரச்சினை 2003-ஆம் ஆண்டின் சட்டத்தினாலேயே ஏறத்தாழ முடிவுக்கு வந்தது. நகரத்தைத் தூய்மையாக வைத்திருந்த மக்கள் அந்நகரத்தின் முழுமையான குடிகளாகக் கொள்ளப்படுவதற்கு இத்துணைக் காலம் வேண்டியிருந்தது என்பது ஈண்டு மனங்கொள்ளத்தக்கது.

மஹய்யாவயின் அண்மையிலேயே உடவத்தகெலே வனம் உள்ளது. ஏறத்தாழ 104 ஹெக்டேயர் பரப்புடைய இவ்வனம் தலதா மாளிகைக்குப் பின்னாலுள்ள மலைமுகட்டிற் பரந்து கிடக்கின்றது. கண்டி மன்னர் காலத்தில் இது அரண்மனைக்கு மேலிருந்த அரசத் தோட்டம். குடிமக்கள் நுழையலாகாத இடம். அதனாலே 'தஹன்சி கெலே', அதாவது தடுக்கப்பட்ட காடு, என்ற பெயரையும் பெற்றது. ஆங்கிலேயர் ஆட்சியில் 1831 முதல் 1837 வரை தேசாதிபதியாக விளங்கிய வில்மட் ஹோர்ட்டனின் மனைவியார் பெயரால் இவ்வனத்தினூடே ஓர் உலாப்பாதை அமைந்தது. 1856-இல் இது ஒதுக்கக் காடாகவும் 1938-இல் சரணாலயமாகவும் ஆக்கப்பட்டது. மன்னரின் தோட்டமாக இருந்து, சீமாட்டியரின் உலாவிடமாகி, பின்னர் விலங்குகளின் புகலிடமாகிய இவ்வனத்தின் வரலாறு, 'யார் வரலாம்' என்ற கேள்விக்கு மூன்று காலங்கள் கொடுத்த மூன்று விடைகளின் வரலாறாகும்.

ஒருபுறம் நகரைத் துப்புரவு செய்யும் தமிழ் மக்களின் குடியிருப்பு. மறுபுறம் ஒருகாலத்திற் பெயராலேயே தடையாயிருந்த ஒரு காடு. இவ்விரண்டுக்கும் நடுவே நின்று பார்க்கும்போதே பலகைத் தமிழின் இயல்பு நமக்குத் தெளிவாகின்றது.

3

பொதுவிடப் பலகைகளிற் பெரும்பாலானவை தடை கூறுவன. சிங்களத்தில் இதற்கு வழங்கும் சொல் 'தஹனம்'. 'தஹன்சி' என்பதும் அதனோடு உறவுடைய சொல்லே. மன்னர் காலத்துக் காட்டின் பெயரில் இருந்த சொல் இன்றைய சுவர்களிலும் வாழ்கின்றது. அச்சொல்லைத் தமிழ் ஒலியால் மட்டும் கேட்பவருக்குத் 'தகனம்' என்ற சுடலைச் சொல்லே நினைவுக்கு வரும். நகரின் மயானம் அமைந்துள்ள மஹய்யாவயில் இவ்வொலி ஒப்புமை சற்றே விபரீதமானது. மொழிகள் ஒன்றன் அருகில் ஒன்று வாழும்போது இத்தகைய விளையாட்டுகள் நிகழ்வது இயல்பே.

தமிழிலே தடைகூறும் முறைகள் பல உள. குப்பை கொட்டுவது பற்றிய வாசகத்தையே எடுத்துக்கொள்வோம். 'கொட்டாதே', 'கொட்டாதீர்', 'கொட்டாதீர்கள்', 'கொட்டுவதைத் தவிர்க்கவும்', 'கொட்டுவது தடைசெய்யப்பட்டுள்ளது' என ஐந்து வகையாக அதனை எழுதலாம். கருத்தளவில் இவை ஒன்றே, உறவளவில் ஒன்றல்ல. முதலாவது, சிறுவனிடமோ தனக்குக் கீழ்ப்பட்டவன் எனத் தான் கருதுபவனிடமோ பேசுவது. இரண்டாவதும் மூன்றாவதும் மரியாதை ஏற்றன. நான்காவது எவரையும் நேரே பாராமற் பேசுவது. ஐந்தாவதில் பேசுபவரும் இல்லை, கேட்பவரும் இல்லை. தடை மட்டுமே தானாக நிற்கின்றது. இவற்றுள் எது எந்தச் சுவரில் எழுதப்படுகின்றது என்பதை எவரும் தம் நகரத்தில் ஒரு மாலைப்பொழுது நடந்து பார்த்து அறிந்துகொள்ளலாம். ஏவல் ஒருமை வறியவர் குடியிருப்பின் சுவரில் எளிதாக வந்துவிடுகின்றது; வங்கியின் மதிலில் அவ்வளவு எளிதாக வருவதில்லை. இலக்கண நூலார் ஏவலையும் வியங்கோளையும் வேறுபடுத்திக் காட்டியபோது, வாழ்த்தலும் வேண்டலும் விதித்தலும் உறவின் வேறுபாடுகள் என்பதை உணர்ந்தே காட்டினர். பலகை எழுதுவோர் அதனை மறந்துவிடுகின்றனர். அன்றேல், அறிந்தே பயன்படுத்துகின்றனர்.

ஒரு பலகையிற் சொற்கள் மட்டுமன்றி அவற்றின் வரிசையும் பொருள் தரும். இதற்கு உலகறிந்த சான்று சீனத்தின் ஷங்ஹாய் நகரில் உண்டு. அங்கு 1868-இல் திறக்கப்பட்ட ஆற்றங்கரைப் பூங்கா, வெளிநாட்டவருக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. 'சீனருக்கும் நாய்களுக்கும் அனுமதியில்லை' என்ற பலகை அங்கு நின்றதென்ற செய்தி தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வந்துள்ளது. 1917-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகளைப் பார்க்கும்போது, பூங்கா வெளிநாட்டுச் சமூகத்தவருக்கு உரியது என்பது ஒரு விதியாகவும், நாய்களும் சைக்கிள்களும் உள்ளே வரலாகாது என்பது வேறொரு விதியாகவும் தனித்தனியே அமைந்துள்ளன. அப்படியாயின் மக்கள் பொய் சொன்னார்களா? இல்லை என்பதே நம் கருத்து. ஒரே பலகையில் மனிதரை விலக்கும் விதியையும் நாயை விலக்கும் விதியையும் எழுதியவர், அவற்றுக்கிடையே எத்தனை இலக்கங்களை வைத்தாலும், படலைக்கு வெளியே நின்று வாசிப்பவர் அவற்றை ஒரே வசனமாகவே வாசிப்பார். எழுதியவரின் இலக்கணம் ஒன்று. வாசித்தவரின் இலக்கணம் மற்றொன்று. 1928-இல் அப்பூங்கா சீனருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆயினும் பலகையின் நினைவு அழியவில்லை. பசுமைவெளியில் நாய் பற்றிய ஒரு வரி எத்துணைக் காலம் மக்கள் மனத்தில் நிற்கக்கூடும் என்பதற்கு இதுவே போதிய சான்று.

4

நாய் என்னும் சொல் தமிழில் ஏற்றுள்ள சுமையையும் இவ்விடத்து நோக்குதல் வேண்டும். சங்க நூல்களில் ஞமலி, ஞாளி என்னும் பெயர்களால் வேட்டை நாய்கள் பேசப்படுகின்றன. தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப் பெயராகக் குருளை என்பதைப் புலி, முயல், பன்றி ஆகியவற்றின் இளமையோடு சேர்த்துக் கூறுகின்றது. நாலடியார், பழகிய பாகனையே கொல்லும் யானையையும், எறிந்த வேல் உடலில் நிற்கவும் வாலாட்டும் நாயையும் ஒப்பிட்டு, நாய் போன்றவரின் நட்பே கொள்ளத்தக்கது என முடிவு செய்கின்றது. ஆயினும் பக்தி இலக்கியத்திலே அடியார் தம்மைத் தாழ்த்திக் கூறுவதற்கு நாயையே துணைக்கழைத்தனர். பேச்சு வழக்கிலோ அது வசைச்சொல். ஆகவே தமிழ்ப் பலகையில் நாய் என்ற சொல் வருமிடத்து, அது வெறும் விலங்கின் பெயராக மட்டும் நில்லாது.

பொதுவிடத்தே நாயைப் பற்றி எழுதப்பட்ட தமிழ்களுள் மிகப் பழையன நடுகற்களில் உள்ளன. திருவண்ணாமலைப் பகுதியின் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டில், முதலாம் மகேந்திரவர்மன் காலத்தில் நாட்டப்பட்ட ஒரு கல்லில் வீரனொருவனும் அவனருகே அவனது நாயும் செதுக்கப்பட்டுள்ளனர். நாயின் பெயர் கோவிவன் என்பதையும், அது கள்வர் இருவரைக் கடித்து நின்றதையும் அக்கல் கூறுகின்றது. யார், என்ன செய்தார், யார் பொருட்டு என்பன அனைத்தும் சில சொற்களுள் அடங்கியுள்ளன. வினைக்கு ஒரு வினைமுதல் உண்டு. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஊரவர் வாசிப்பதற்காகக் கல்லில் எழுதியவர் இவ்வளவு தெளிவாக எழுதினார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நம் காலத்துப் பலகைகளுக்கு வருவோம்.

நம் வீட்டுப் படலைகளில் 'நாய் கவனம்' என்றும், தமிழ்நாட்டில் 'நாய்கள் ஜாக்கிரதை' என்றும் எழுதுவர். இரண்டும் சுருக்கமானவை, பிழையற்றவை, பயன் தருபவை. அரச, பொதுத்துறைப் பலகைகளிலோ நிலைமை வேறு. இலங்கையின் பஸ் வண்டிகளிற் கர்ப்பிணித் தாய்மாருக்கென ஒதுக்கப்பட்ட ஆசனத்தின் மேல், தகரம் நகரமாகி, தாய்மார் 'நாய்மார்' ஆன பலகை பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. கேட்டவர் சிரித்தனர். நாம் சிரிப்பதற்கு முன் ஒன்றைச் சிந்தித்தல் வேண்டும். இப்பிழை அறியாமையால் மட்டும் நேர்வதன்று. வரைந்தவருக்குத் தமிழ் தெரியாதிருக்கலாம், அது குற்றமன்று. ஆனால் வரைந்தபின் பொருத்தியவர், பொருத்தியதை ஏற்றவர், ஏற்றதற்குப் பணம் கொடுத்தவர் ஆகிய எவரும் தமிழ் தெரிந்த ஒருவரிடம் அதனைக் காட்டவில்லை. காட்டுவதற்கு அருகில் ஆள் இல்லாமலில்லை. மஹய்யாவ போன்ற குடியிருப்புகளிற் பள்ளிச் சிறுவன் ஒருவனே அப்பிழையைக் கண்டுபிடித்திருப்பான். பிழையின் மூலகாரணம், இதனை ஒருவர் தமிழில் வாசிப்பார் என்ற எண்ணமே எழாமையாகும். அவ்வாறான பலகையில் தமிழ், வாசிப்பதற்காக எழுதப்பட்டதன்று. இருக்க வேண்டும் என்பதற்காக எழுதப்பட்டது.

சட்டத்தின் நிலை இதனை மேலும் தெளிவுபடுத்தும். 1956-இல் சிங்களம் மட்டும் அரச கரும மொழியாக்கப்பட்டது. 1978-ஆம் ஆண்டு யாப்பு தமிழைத் தேசிய மொழியாக ஏற்றது. 1987-ஆம் ஆண்டின் 13-ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்றது. 1988-ஆம் ஆண்டின் 16-ஆவது திருத்தம் நிர்வாக மொழி பற்றிய ஏற்பாடுகளைச் செய்தது. 1991-ஆம் ஆண்டின் சட்டத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழு அமைந்தது. இவற்றின் பயனாகப் பலகையிலே தமிழுக்கு ஒரு வரி கிடைத்தது. அவ்வரியிலே தமிழன் ஒருவன் விளிக்கப்படுகின்றானா என்பதைச் சட்டம் உறுதிசெய்ய இயலாது. அது எழுதுவோரின் கடமை. மதிப்பிடுவது திறனாய்வின் கடமை.

5

இனி, நாயை அனுமதிக்கும் பசுமைவெளியின் பலகைக்கு வருவோம். நாய்களுக்கெனத் தனியிடம் ஒதுக்கிய பூங்காக்களுள் முன்னோடியாக அமெரிக்காவின் பேர்க்லி நகரில் 1979-இல் தோன்றிய ஓலோனி பூங்காவைக் குறிப்பிடுவர். சிங்கப்பூரில் பிஷான் - அங் மோ கியோ பூங்கா முதலியவற்றில் நாய்கள் ஓடித்திரியும் வேலியிட்ட திடல்கள் உள்ளன. பெங்களூரில் 1870-இல் அமைந்த கப்பன் பூங்காவில் 2022-இல் வளர்ப்பு நாய்களுக்குத் தடைவிதிக்கும் முயற்சி எழுந்தது. கயிறின்றி நாய்களை விடுகின்றனர், மலத்தை அள்ளுவதில்லை என்பனவே முறைப்பாடுகள். நாய் வளர்ப்போரின் எதிர்ப்பினால் அத்தடை நடைமுறைக்கு வரவில்லை. இவ்விரு முறைப்பாடுகளும் எந்நாட்டுக்கும் பொதுவானவை. பலகையின் மொழி தீர்க்க முயல வேண்டியவையும் இவையே.

இங்குதான் நம் மையக் கருத்து அமைகின்றது. தடை கூறுவதற்கு ஒரு சொல் போதும். அனுமதி கூறுவதற்கு வசனங்கள் வேண்டும். 'நாய்களுக்கு அனுமதியில்லை' என்பதோடு தடைப் பலகை முடிந்துவிடுகின்றது. 'நாய்களை அழைத்து வரலாம்' என்று எழுதத் தொடங்கியதுமே, எங்கே வரை, எந்நேரத்தில், எவ்வாறு பிடித்துக்கொண்டு, எந்த நிபந்தனையின்மேல், பிறருக்கு இடையூறு நேரின் யாது செய்வது என்பன வந்துவிடுகின்றன. தமிழில் 'லாம்' என்னும் ஈறு எளியது. அதன் பின்னாலே வரவேண்டிய 'ஆல்', 'எனின்', 'ஆயினும்' என்பனவே கடினம். பலகைத் தமிழ் இதுகாறும் தடையையே சொல்லிப் பழகியது. ஆகவே அதற்கு உரைநடை இல்லை. சிங்கப்பூரிலே தமிழ் அரச கரும மொழிகளுள் ஒன்று. கட்டட வேலைத்தலங்களின் அபாய எச்சரிக்கை நான்கு மொழிகளிலும் நிற்பதைக் காணலாம். பூங்காவில் மரங்களின் சிறப்பையும் உலாப்பாதையின் விவரத்தையும் கூறும் பலகைகளோ பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைகின்றன. எச்சரிக்கத் தமிழ் வேண்டும், மகிழ்விக்கத் தமிழ் வேண்டாம் என்ற எண்ணம் அறிந்தோ அறியாமலோ அங்கும் செயற்படுகின்றது.

இத்தகைய வறுமையால் அனுமதிப் பலகையின் தமிழில் இரு குறைகள் நேரும். முதலாவது, சொல்லுக்குச் சொல் பெயர்க்கும் குறை. ஆங்கிலத்தில் இவ்வகை இடங்களைக் குறிக்கும் தொடரை அப்படியே பெயர்த்து 'நாய் நட்புப் பூங்கா' என எழுதுவர். தமிழறிந்தவருக்கு இது நாய்கள் தம்முள் நட்புக்கொள்ளும் இடம் எனப் பொருள்படும். 'நாய்நேயப் பூங்கா' என்பதும் அதனினும் சிறந்ததன்று. அது நாயை நேசிக்குமாறு வருவோரைக் கேட்கின்றது. நாய்க்கு அஞ்சுவோரும் வரவேண்டிய பொதுவிடத்தில் அது முறையன்று. 'நாயையும் அழைத்து வரலாம்' என்ற எளிய வசனத்தில் வரும் 'உம்' அனைத்தையும் சொல்லிவிடுகின்றது. இடம் முதலில் மனிதருக்குரியது. நாய்க்கும் அங்கு இடமுண்டு என்பதே அவ்வும்மையின் பொருள்.

இரண்டாவது குறை இதனினும் பாரதூரமானது. 'நாயின் கழிவுகள் அகற்றப்படல் வேண்டும்' என எழுதுவது அலுவலகத் தமிழின் வழக்கம். இலக்கணப் பிழை இதில் யாதுமில்லை. ஆனால் யாரால் அகற்றப்படல் வேண்டும்? செயப்பாட்டு வினை வினைமுதலை மறைத்துவிட்டது. ஏனைய நகரங்களில் இது வெறும் நடைக்குறையாக இருக்கலாம். கண்டியில் அவ்வாறன்று. கண்டியில் ஒரு கழிவு 'அகற்றப்பட வேண்டும்' என்று சொல்லப்படும்போது அதனை அகற்றுபவர் யார் என்பது நூற்றாண்டுக்கும் மேலாக முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டிருக்கின்றது. வாசகத்தில் இல்லாத எழுவாய் மஹய்யாவயில் இருக்கின்றார். நாய்க்குரியவர் வாசகத்தைப் படித்து, 'ஆம், அகற்றப்படத்தான் வேண்டும்' என்று உடன்பட்டுக்கொண்டே நடந்து போய்விடலாம். மறுநாட் காலையில் விளக்குமாற்றோடு வருபவர் அதனை அகற்றுவார். அவ்வாறு நேரின், ஒருவருடைய நாய்க்குக் கிடைத்த அனுமதி இன்னொருவருடைய கைக்குக் கொடுக்கப்பட்ட வேலையாகிவிடும். நாயை ஏற்கும் பசுமைவெளி நல்லதொரு நாகரிகம் என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் 'நீங்களே அள்ளுங்கள்' என்று நேரே சொல்லத் துணியாத தமிழில் அது நாகரிகமாகாது. எடுத்தனூர்க் கல்லில் நாய்க்குக்கூட எழுவாயாகும் உரிமை இருந்தது.

6

குறைகூறுவதோடு நிற்றல் திறனாய்வின் முழுப்பணியன்று. ஆதலின் ஒரு வரைவை இங்கு முன்வைக்கின்றோம்.

'இப்பசுமைவெளிக்கு நாயையும் அழைத்து வரலாம். நாயைக் கயிற்றிலோ சங்கிலியிலோ பிடித்திருங்கள். பிடிப்பவர் பெரியவராக இருக்கட்டும். உங்கள் நாயின் மலத்தை நீங்களே அள்ளி, மூடியுள்ள தொட்டியில் இடுங்கள். அது இங்கு துப்புரவு செய்பவரின் வேலையன்று. விசர்நாய்த் தடுப்பூசி போடாத நாயை அழைத்து வராதீர்கள். நாய்க்கு அஞ்சுவோரும் சிறுவரும் இங்கு வருவார்கள். அவர்களருகே நாயைச் செல்ல விடாதீர்கள். நாய் கடித்தாலோ கீறினாலோ, காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.'

இறுதி வசனம் பற்றி ஒரு சொல். இலங்கையில் விசர்நாய் நோய் குறித்த கட்டளைச் சட்டம் 1893-ஆம் ஆண்டிலும், நாய்களைப் பதிவுசெய்தல் குறித்தது 1901-ஆம் ஆண்டிலும் பிறந்தன. கட்டாக்காலி நாய்களைக் கொல்லுதல் 2006-இல் நிறுத்தப்பட்டு, தடுப்பூசியும் கருத்தடையுமே வழியாகக் கொள்ளப்பட்டன. எனினும் நோய் முற்றாக ஒழிந்துவிடவில்லை. அறிகுறிகள் தோன்றியபின் அந்நோயினின்று தப்புவது பெரும்பாலும் இயலாத காரியம்; கடித்தவுடன் கழுவுதலும் தடுப்பூசியுமே உயிர் காப்பன. ஆகவே பலகையில் இவ்வொரு வசனம் தமிழில் இல்லாது போவது மொழியுரிமைக் குறை மட்டுமன்று, உயிர்க் குறையுமாகும். கட்டாக்காலி நாய்களின் நடுவே பள்ளிக்கு நடந்து செல்லும் பிள்ளைகளுக்கு அது வேறெந்த வசனத்தினும் வேண்டப்படுவது.

நாயை அனுமதித்தல் எங்கும் தகும் என்பது நம் கருத்தன்று. உடவத்தகெலே போன்ற சரணாலயத்தில் நாயைத் தடுத்தலே தகும். ஆனால் அங்கும் தடை ஒரு சொல்லோடு நிற்றல் வேண்டியதில்லை. 'இக்காட்டுக்குள் நாயை அழைத்து வராதீர்கள். சருகுமானும் முள்ளம்பன்றியும் இங்கு வாழ்கின்றன. நாயின் மணமும் குரைப்புமே அவற்றை வெருட்டிவிடும்' என்று எழுதுவதற்கு மேலும் இரண்டு வரிகளே செலவாகும். காரணம் சொல்லப்பட்ட தடை, கேட்பவரை அறிவுடையவராக மதிக்கின்றது. காரணம் சொல்லப்படாத தடை, மன்னர் காலத்துத் 'தஹன்சி'யையே மீண்டும் நாட்டுகின்றது. அக்காலத்திலே அக்காடு மனிதரிடமிருந்து மன்னருக்காகக் காக்கப்பட்டது. இக்காலத்திலே மனிதரோடு சேர்ந்து விலங்குகளுக்காகக் காக்கப்படுகின்றது. இவ்வேறுபாட்டை அங்கு வருவோர் அறியும் வழி பலகையொன்றே.

நம் வரைவிலும் குறைகள் உள. அது நீண்டது, நின்று வாசிப்பதற்குப் பொறுமை வேண்டும். எழுத்தறியாதோருக்குப் படமும் உடன் வேண்டும். சிங்களத்திலும் அதே பொருள் அதே மரியாதையுடன் அமைய வேண்டும். ஒன்று மூலமும் மற்றது அதன் நிழலுமாக இருத்தல் கூடாது. 'மலம்' என்ற சொல்லைப் பொதுவிடத்தில் எழுதத் தயங்குவோரும் இருப்பர். கழிவு என்ற சொல் குப்பை, கழிவுநீர், தொழிற்சாலைக் கழிவு என எல்லாவற்றையும் தழுவி எதையும் குறியாது போகின்றமையாலேயே நாம் அதனைக் கைவிட்டோம். இடக்கரடக்கல் நல்ல மரபுதான். ஆனால் அள்ள வேண்டிய பொருளின் பெயரைச் சொல்லாது அள்ளச் சொல்லுதல் இயலாது.

7

தமிழ்ச் சங்கங்கள் பட்டிமன்றங்களும் விழாக்களும் நடத்துகின்றன, மலர்கள் வெளியிடுகின்றன. அவற்றோடு இதனையும் ஒரு பணியாகக் கொள்ளலாம் என்பது நம் வேண்டுகோள். மாணவர் சிலர் சேர்ந்து, நகரின் பலகைத் தமிழை வீதி வீதியாகத் தொகுத்தல் வேண்டும். எழுத்துப் பிழைகளைக் குறிப்பதோடு நில்லாது, ஒவ்வொரு வாசகமும் யாரை விளிக்கின்றது, எவ்வேவலில் விளிக்கின்றது, வினைக்கு வினைமுதல் உண்டா என்பனவற்றையும் குறித்தல் வேண்டும். பின்னர் அத்தொகுப்பினை மாநகர சபைக்கும் உரிய திணைக்களங்களுக்கும் கொடுத்தல் வேண்டும். புதிய பலகை ஒன்று எழுதப்படுமாயின், அது பொருத்தப்படுமுன் அவ்விடத்திற் பணிபுரிவோர் முன்னிலையில் ஒருமுறை உரத்து வாசிக்கப்படல் நன்று. இங்கும் நாம் செயப்பாட்டு வினையில் எழுதிவிட்டோம், திருத்திக்கொள்கின்றோம். பலகையை எழுதுவித்தவரே அதனை மஹய்யாவத் தொழிலாளரின் முன் நின்று வாசித்தல் வேண்டும். அவர்கள் கேட்டு, 'இது எங்களிடமும் சொல்லப்பட்டதுதான்' என்று ஏற்பாராயின் பலகையை நாட்டலாம்.